எனக்கொரு பயிற்சியாளர் வேண்டுமா?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

'சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்' என்னும் பழமொழியைப் பள்ளி நாள் முதல் எத்தனையோ கட்டுரைகளின் தொடக்கத்தில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். உடல்நலம் பற்றிய கட்டுரை என்றால் அந்தப் பழமொழி இல்லாமல் என் பேனா நகராது. ஆனால் சுவரைப் பற்றி எழுதிய நான் என் சுவரை ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை. சென்ற ஆண்டு அதை வேறொருவர் அளந்தார். அளவு நாடா 80.5 என்று காட்டியது.

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு வந்த இளைஞர்கள் வரிசை வரிசையாக நின்றிருந்த மைதானம் அது. எழுத்துத் தேர்வில் நான் தேறியிருந்தேன். உயரமும் சரியாக இருந்தது. நான் எழுதிய அந்தத் தேர்வில் ஆண்களுக்கு மார்பளவு 81 செ.மீ. இருக்க வேண்டும், மூச்சை உள்ளே இழுத்தால் மேலும் 5 செ.மீ. விரிய வேண்டும். விரிவு எனக்குக் குறையவில்லை. சாதாரண அளவில்தான் அரை செ.மீ. குறைந்தது. அளந்தவர் மீது குற்றமில்லை. நாடாவை எடுத்துவிட்டு மறுமுறையும் அளந்தார். "அடுத்த தடவை பாத்துக்கலாம் தம்பி" என்று சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் நின்றவரை அழைத்தார். 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும் என்பதற்காக ஆறு மாதம் விடியற்காலையில் எழுந்து ஓடியவன் நான். அந்த ஓட்டமெல்லாம் ஐந்து மில்லிமீட்டரில் நின்றுபோயிற்று.

எங்கள் ஊர் பள்ளிபாளையம் பக்கம். அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். இரவு வேலை முடிந்து வந்தவரிடம் செய்தியைச் சொன்னேன். முகம் கழுவிக்கொண்டே கேட்டார். "அதுக்கென்ன கண்ணு? படிப்புல தோத்திருந்தா வேற. உடம்புதானே, ஏத்திக்கலாம்" என்றார். அவர் அவ்வளவு எளிதாகச் சொன்னதுதான் எனக்கு அழுகையை வரவழைத்தது.

அடுத்த வாரமே உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் சேர்ந்தேன். மாதக் கட்டணம் 700 ரூபாய். சுற்றிலும் கண்ணாடி, காதைப் பிளக்கும் பாட்டு, இரும்பின் வாடை. முதல் நாள் அங்கிருந்த மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பர்சனல் ட்ரெய்னிங் எடுத்துக்க தம்பி. மூணு மாசத்துல மார்பு ரெண்டு இஞ்சு ஏறும்" என்றார். மாதம் 4,000 வீதம் மூன்று மாதத்துக்கு 12,000 ரூபாய். அதற்கு மேல் புரதப் பொடி வேறு. 4,000 ரூபாய் என்பது என் தந்தையின் ஒரு வாரக் கூலிக்கும் கூடுதல். "யோசிச்சுச் சொல்றேன் மாஸ்டர்" என்று நழுவினேன்.

கைபேசி இருக்கையில் காசு கொடுத்து ஒருவரிடம் கற்பானேன் என்பது அன்றைய என் எண்ணம். நண்பர்களே, உங்களில் பலருக்கும் இன்று அந்த எண்ணம் இருக்கும். ஒரு சொல்லைத் தட்டினால் ஆயிரம் காணொளிகள் வந்து நிற்கின்றன. நானும் பார்த்தேன். இரவெல்லாம் பார்த்தேன். பார்த்ததை மறுநாள் மாலை செய்தேன். ஒன்றரை மாதம் எல்லாம் நன்றாகவே போயிற்று. எடைகள் ஏறின. தொடக்க வாரங்களில் கூடுகிற வலுவில் பெரும்பங்கு நரம்புகள் அந்த வேலைக்குப் பழகுவதால் வருவது. தசை பெருப்பதற்கு இன்னும் நாள் ஆகும். இது பின்னால் நான் அறிந்த செய்தி. அன்றோ நானே ஒரு சாண்டோ என்ற நினைப்பில் இருந்தேன்.

சாண்டோ என்றதும் வரலாற்று மாணவனுக்கு ஒரு பெயர் நினைவுக்கு வராமல் போகாது. 1867-இல் பிரஷ்யாவில் பிறந்த யூஜின் சாண்டோ உடல் வலிமையைக் காட்டி மேடைகளில் புகழ் பெற்றவர். 1897-இல் இலண்டனில் உடற்பயிற்சிக்கென்றே ஒரு கூடம் திறந்து, கட்டணம் வாங்கிக்கொண்டு பயிற்சி தந்தார். அஞ்சல் வழியாகவும் பாடம் அனுப்பினார். 1904-05-இல் இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்தார். அவர் பெயரைத் திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவர் தம் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்டதையும், கையில்லாத பனியனை நாம் இன்றும் சாண்டோ பனியன் என்றே கேட்டு வாங்குவதையும் எண்ணிப் பாருங்கள். பணம் கொடுத்துத் தனிப் பயிற்சி பெறுவது நேற்று வந்த நாகரிகம் அன்று. வீட்டிலிருந்தபடியே பாடம் பார்த்துச் செய்வதும் நம் கைபேசியோடு பிறந்தது அன்று.

என் கதைக்கு வருகிறேன். ஒரு மாலை 'டெட்லிப்ட்' என்னும் பயிற்சியைச் செய்துகொண்டிருந்தேன். தரையில் கிடக்கும் எடைத்தண்டை இரு கைகளாலும் பிடித்துத் தூக்கி நிமிர வேண்டும், அவ்வளவுதான். பார்க்க எளிது. நான்காம் முறை தூக்கியபோது இடுப்புக்கு மேலே சுரீர் என்றது. எடையைக் கீழே போட்டேன். நிமிர முடியவில்லை. நண்பன் ஒருவன் வண்டியின் பின்னால் உட்காரவைத்து வீட்டில் கொண்டுவந்து விட்டான். நான்கு நாள் பாயில் கிடந்தேன். ஒரு உள்மதிப்பீட்டுத் தேர்வும் போயிற்று. எலும்புக்குக் கேடில்லை, தசைப் பிடிப்புதான் என்று மருத்துவர் சொன்ன பிறகே அம்மாவுக்கு உயிர் வந்தது.

பாயில் கிடந்தபோது ஒன்று புரிந்தது. அந்தக் கூடத்தில் நான்கு பக்கமும் கண்ணாடி இருந்தது. ஆனால் குனிந்து எடை தூக்குகிற வேளையில் என் முதுகை நானே பார்க்க எந்தக் கண்ணாடியாலும் முடியாது. காணொளியில் வரும் வல்லுநரின் முதுகை நான் பார்க்கலாம்; என் முதுகை அவர் பார்க்க மாட்டார்.

அப்படியானால் 4,000 ரூபாயைக் கொடுத்துவிட வேண்டியதுதானா? எழுந்து நடமாடத் தொடங்கியதும் கூடத்துக்குப் போய் ஓர் ஓரமாக உட்கார்ந்து கவனித்தேன். அங்கே தனிப் பயிற்சி தருகிறவர்கள் இருவர். ஒருவர் கையில் கைபேசி. எதிரே வியர்வை சிந்த எடை தூக்குகிறவரைப் பார்க்காமலே "எட்டு... ஒன்பது... பத்து" என்று எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணுவதற்கா மாதம் 4,000? எனக்கும் நூறு வரை எண்ணத் தெரியுமே! மற்றவர் என்னிடம் முதல் நாள் பேசிய மாஸ்டர். அவர் பக்கவாட்டில் குனிந்து, தூக்குகிறவரின் முழங்காலையும் முதுகையும் மாறி மாறிப் பார்த்தார். தப்பென்றால் எடையை இறக்கச் சொன்னார். இருவருக்கும் கட்டணம் ஒன்றே. பெறுகிறவருக்குக் கிடைப்பதோ வேறு வேறு.

குழப்பத்தோடு நம் கல்லூரி உடற்கல்வி இயக்குநர் ஐயாவிடம் போனேன். சுருக்கமாகக் கேட்டேன்: "ஐயா, நான் தனியாக ஒரு பயிற்சியாளரை வைத்துக்கொள்ளலாமா, வேண்டாமா?"

அவர் பதில் சொல்லவில்லை. அறையின் மூலையிலிருந்த ஒரு நீளக் கம்பை எடுத்து வந்தார். அதை என் முதுகோடு நெடுக்காக வைத்து, ஒரு கையைக் கழுத்துக்குப் பின்னாலும் மறு கையை இடுப்புக்குப் பின்னாலும் கொண்டுபோய்ப் பிடிக்கச் சொன்னார். "பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு, மூணு இடத்திலயும் கம்பு ஒட்டியிருக்கணும். இப்போ குனி" என்றார். குனிந்தேன். கம்பு வால் எலும்பை விட்டு விலகியது. "பாத்தியா? இடுப்பை மடக்கலை, முதுகை வளைக்கிற. எடை முழுக்க அங்கதான் போய் உக்காரும்" என்றார். பிறகு பின்புறத்தை ஒரு சுவரைத் தேடுவதுபோல் பின்னால் தள்ளிக் குனியச் சொன்னார். பத்தாவது முறைதான் கம்பு மூன்று இடத்திலும் ஒட்டி நின்றது. ஒரு கம்பு, செலவு சல்லிக்காசு இல்லை. ஆனால் கம்பு விலகியதைப் பார்த்துச் சொல்ல அருகில் ஒருவர் வேண்டியிருந்தது.

அதன் பிறகுதான் அவர் பேசினார். "தூக்கப் போற எடையை வாங்குறதுக்கு முன்னாடி, உங்கிட்ட இல்லாதது என்னன்னு பாரு. அறிவு இல்லையா, கண்ணு இல்லையா, கட்டுப்பாடு இல்லையா? மூணுக்கும் ஒரே மருந்து கிடையாது."

இந்தக் கேள்வியை வீட்டில் போய் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அறிவு: அது என்னிடம் இல்லைதான், ஆனால் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. எடையைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே போவதுதான் வலிமையின் அடிப்படை. கிரேக்க மல்லன் மைலோ ஒரு கன்றுக்குட்டியை நாள்தோறும் தூக்கி, அது காளையான பின்னும் தூக்கினான் என்பது பழங்கதை. 1940-களில் தாமஸ் டிலார்ம் என்னும் அமெரிக்க இராணுவ மருத்துவர், காயமுற்ற வீரர்களுக்குப் படிப்படியாக எடையைக் கூட்டிப் பயிற்சி அளித்து, 1945-இல் அதை மருத்துவ இதழில் எழுதினார். நம் தென்மாவட்ட ஊர்களில் இளவட்டக்கல் தூக்கியவர்களும் முதல் நாளிலேயே தூக்கிவிட்டிருக்க மாட்டார்கள். இது இரகசியம் ஒன்றும் இல்லை, நூலகத்தில் கிடைக்கும்.

கட்டுப்பாடு: விடியற்காலை ஓட்டத்துக்கு ஆறு மாதம் எழுந்தவன் நான். அது என்னிடம் இருந்தது. அது இல்லாத சிலர், 'பணம் கட்டியாயிற்றே' என்பதற்காகவாவது போவோம் என்று பயிற்சியாளரைத் தேடுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் தெருமுனையில் காத்திருக்கும் ஒரு நண்பனும் அந்த வேலையைச் செய்வான். அவன் கட்டணம் ஒரு டீ.

கண்: அதுதான் என்னிடம் இல்லை. என் முதுகைப் பார்க்கத் தெரிந்த இரண்டு கண்கள். எனக்குத் தேவை அதுவே. அதுவும் என்றென்றைக்கும் அன்று, முறை படியும் வரையில்தான்.

முடிவு தெளிவானதும் மாஸ்டரிடம் போனேன். "மூணு மாசம் வேண்டாம் மாஸ்டர். ஒரே மாசம் போதும். அஞ்சே பயிற்சி கத்துக் கொடுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "ஒரு மாசத்துல உடம்பு எப்படிப்பா வரும்?"

"உடம்பு வர வேண்டாம் மாஸ்டர். முறை வந்தாப் போதும்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "சரி, நாளைக்கு வா" என்றார்.

4,000 ரூபாயில் பாதி என்னுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறிச் சேர்த்த காசு. மறு பாதிக்கு அப்பாவிடம் கேட்க வேண்டியிருந்தது. எதற்கு என்று விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தறி ஓட்டக் கத்துக்க எனக்கும் ஒருத்தர் பக்கத்துல நின்னாருடா கண்ணு. இழை அறுந்த இடம் நமக்குத் தெரியறதுக்கு முன்ன அவருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பையைத் துழாவினார்.

அந்த மாதம் பன்னிரண்டு வகுப்பு. முதல் வகுப்பில் எடையே இல்லை, வெறும் தண்டுதான். மாஸ்டர் பக்கவாட்டில் குனிந்து நின்று, "குதிகாலத் தூக்காத", "தோளக் கீழ இறக்கு", "மூச்ச அடக்கிட்டுத் தூக்கு, மேல வந்து விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு நாளும் எவ்வளவு எடை, எத்தனை முறை என்று ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். வரலாற்று மாணவனுக்கு ஆவணத்தின் அருமையைச் சொல்லவா வேண்டும்? அந்த நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது.

பொடி விஷயமும் பேச்சில் வந்தது. நான் அதற்குள் படித்து வைத்திருந்தேன். நம் நாட்டுத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், உடலைப் பெருக்கப் புரதப் பொடிகளை நாட வேண்டாம் என்றே சொல்லப்பட்டிருக்கிறது. சாதாரணமாக ஒருவருக்கு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும். எடை தூக்குகிறவருக்குக் கூடுதலாகத் தேவைப்படலாம், கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் போனால் அதனால் தசைக்குப் பெரிய பயன் இல்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம். ஒரு கைப்பிடி நிலக்கடலையிலும் ஏறத்தாழ அதே அளவு. பருப்பும் பாலும் கொண்டைக்கடலைச் சுண்டலும் இருக்கின்றன. "எனக்கு அம்மா போடும் சுண்டல் போதும் மாஸ்டர்" என்றேன்.

கடைசி வகுப்பன்று அவர் மனம் விட்டுப் பேசினார். "தனிப் பயிற்சிக் காசுல பாதி கூடத்துக்குப் போயிடும் தம்பி. பொடி வித்தா ஏதோ கொஞ்சம் கையில நிக்கும். அதான் வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்றது. நீ வாங்காட்டிப் பரவால்ல, முட்டைய மட்டும் விட்டுடாத" என்றார். முதல் நாள் அவரை ஒரு வியாபாரியாக மட்டுமே எண்ணியிருந்தேன். அன்று தலைகுனிந்தேன். தறிக்கூலியைப் போலவே அவருடையதும் ஒரு கூலிதான். காசு வாங்கிக்கொண்டு கைபேசியைப் பார்ப்பவரும் இருக்கிறார். காசு வாங்கிக்கொண்டு முதுகைப் பார்ப்பவரும் இருக்கிறார். ஆளைப் பார்த்துத் தேர்வது நம் பொறுப்பு.

ஆகவே நண்பர்களே, 'பயிற்சியாளர் வேண்டுமா?' என்று என்னைக் கேட்டால் ஒரே சொல்லில் விடை சொல்ல மாட்டேன். நடக்கவும் ஓடவும் தண்டால் எடுக்கவும் பெரும்பாலோர்க்குத் தனிப் பயிற்சியாளர் வேண்டியதில்லை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு, இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பெரியவர்களுக்கு வகுத்த அளவு. இதற்கு நம் கல்லூரி மைதானமே போதும். இதய நோயோ பழைய காயமோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் காண வேண்டும். பிறகு தேர்ந்த பயிற்சியாளரைக் காண வேண்டும். கனமான எடையைப் புதிதாகத் தொடுகிறவர்கள் சில வாரமாவது ஒருவர் கண்பார்வையில் செய்வது நல்லது. அவரிடம் தயங்காமல் கேளுங்கள்: எங்கே படித்தீர்கள்? முதலில் எடை இல்லாமல் என்னைச் செய்யவைத்துப் பார்ப்பீர்களா? எத்தனை நாளில் நான் நீங்கள் இல்லாமலே செய்வேன்? 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய நாளிலிருந்து இந்நாட்டில் இஃது ஒரு படிப்பு. கடைசிக் கேள்விக்கு நேராக விடை சொல்பவரே நல்ல ஆசிரியர். நம் பேராசிரியர்களும் மூன்றாண்டில் நம்மை வெளியே அனுப்பத்தானே பாடம் நடத்துகிறார்கள்?

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. சென்ற வாரம் அளந்தேன்: மார்பு 82.5, மூச்சை இழுத்தால் 88. அடுத்த தேர்வு அறிவிப்புக்காகக் காத்திருக்கிறேன். தேறுவேனா என்று இப்போது சொல்ல முடியாது. கயிறு ஏறுவதில் இன்னும் கை நடுங்குகிறது.

ஆனால் ஒன்று நடந்தது. போன மாதம் ஒரு மாலை அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு தறிக்கூடத்துக்குப் போயிருந்தேன். அவரும் இன்னொருவருமாகப் பாவு சுற்றிய பீமைத் தூக்கித் தறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பா முதுகை வில்லாக வளைத்துத் தூக்கினார். ஏற்றி முடித்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். இருபது ஆண்டாக அவர் அப்படி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அன்றுதான் காரணம் தெரிந்தது. மூலையில் கிடந்த ஒரு மூங்கில் கம்பை எடுத்தேன். "அப்பா, கொஞ்சம் நில்லுங்க" என்று அதை அவர் முதுகோடு வைத்தேன். பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு. "இப்போ குனிங்க."

தறிகளின் இரைச்சலில் என் குரல் அவருக்குக் கேட்டதோ இல்லையோ, குனிந்தார். கம்பு விலகியது. "இன்னொரு தடவ, பின்னாடி தள்ளிக் குனிங்கப்பா" என்றேன். பக்கத்துத் தறிக்காரர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை, நான் பாடம் படிக்கும்போது கேட்டுக்கொண்டிருப்பாரே, அதே முகத்தோடு மறுபடியும் குனிந்தார். ஆறாவது முறை கம்பு ஒட்டி நின்றது.

அவர் கொடுத்த 2,000 ரூபாய் அவர் முதுகுக்கே திரும்பி வந்துவிட்டதென்று அவருக்கு நான் சொல்லவில்லை. இந்த மலரைப் படித்துக் காட்டும்போது தெரிந்துகொள்வார்.